ஒற்றைச்சொல் அக்கா

கீழ் வீட்டு அக்காவிடம் இரண்டாவது வார்த்தையை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. முதல் வார்த்தை தானாக வரும். அதோடு கடையைச் சாத்திவிடுவாள்.

பெங்களூர் ஜீவனஹள்ளியில் அந்த வீட்டு மாடிக்கு நான் குடிவந்த அன்று, பாத்திர மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் வந்து நின்றாள். நெட்டையான உடம்பு, சுடிதார் மேல் ஆம்பளைச் சட்டை. "மோட்டார்," என்றாள். திரும்பிப் போய்விட்டாள். என் மோட்டார் சைக்கிளை நிறுத்திய இடம் தப்போ என்று இறங்கிப் போய் நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, காலையில் தண்ணீர் மோட்டார் போடும்போதே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

"ஏன்க்கா, இந்த நேரத்துல மோட்டார் போடுவோம், தண்ணி புடிச்சிக்கோன்னு சொன்னா வாயில இருந்து முத்து கொட்டிடுமா?" என்று சண்டைக்கே போய்விட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "அஞ்சு," என்றாள்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு. நான் இதற்கு நேர் எதிர். 'உனக்கு வாய் மட்டும் இல்லேன்னா நாய் தூக்கிக்கினு போயிடும்' என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் குவைத்துக்கு லாரி ஓட்டப் போனபோது தன் பைக்கை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அதை வைத்துத்தான் எனக்கு வேலையே. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபுக்குக் கொண்டுவந்து சேர்க்கிற வேலை. விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் பத்து மணிக்குள் பதினைந்து வீடு. காக்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன் பக்கமெல்லாம் என் ஏரியா. ஊசி குத்தும்போது வலி தெரியாமல் இருக்க நான் கதை பேசுவேன். அதற்காகவே என்னைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருந்தார்கள்.

அக்கா என்னைவிட இரண்டு வயது பெரியவளாக இருந்தால் அதிகம். பிறந்து வளர்ந்ததெல்லாம் அந்தத் தெருவில்தான். தமிழ்தான் வீட்டுப் பேச்சு, ஆனால் புருஷன் துமகூருக்காரர், அவரோடு கன்னடம். ஒரு கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் சட்டைக் காலர் தைக்கிற வேலை. மெஷின் வரிசைக்கு அங்கே லைன் என்று பெயர்; அந்த லைனில் காலர் வைப்பவர்களுக்குத் தனி மரியாதை உண்டு. துணியை இடது கை ஆள்காட்டி விரலால் தள்ளிக்கொண்டே போய் முனையில் திருப்ப வேண்டும். அரை நூல் தப்பினாலும் சட்டை வீண். அவள் விரலைப் பார்த்து மற்றவர்கள் பழகுவார்கள் என்று தெருவில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவள் சொல்லவில்லை. அவள் எங்கே சொல்வாள்?

அவள் புருஷன் டாக்ஸி ஓட்டுகிறவர். கோபக்காரர். அவருக்குக் கோபம் வந்தால் தெரு முழுக்கக் கேட்கும். ஒரு மணி நேரம் கத்துவார். அக்கா கடைசியில் "ஆச்சா?" என்று கேட்பாள். அவ்வளவுதான், மனுஷன் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். ஒருமுறை வீட்டு ஓனரின் மச்சான் வந்து, பைக்குகளைக் காம்பவுண்டுக்குள் விடக்கூடாது என்று குதித்தார். நான் பதிலுக்குப் பதில் பேசித் தொண்டை கட்டிக்கொண்டேன். அக்கா வெளியே வந்தாள். "அக்ரிமெண்ட்," என்றாள். அவர் வாயை மூடிக்கொண்டு போனார். எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்திருந்தபோது கஞ்சி கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள். "குடி." குடிக்கும்வரை நின்றாள். நான் அழுதேன்.  டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

"ஏன்க்கா இப்டி இருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "மெஷின்," என்றாள். இருபது வருஷமாக நூற்றுக்கணக்கான தையல் மெஷின்கள் ஓடுகிற கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த இரைச்சலில் ஒரு வார்த்தையைக் கத்தினால்தான் பக்கத்து ஆளுக்குக் கேட்கும். இரண்டாவது வார்த்தை வீண். அதை நானாக யோசித்துப் புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆனது.

அவளிடமும் ஒரு பழைய பைக் இருந்தது. அதில்தான் ஃபேக்டரிக்குப் போய் வருவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் கோணியை விரித்து அதைப் பிரித்துப் போட்டுவிடுவாள். எந்த மெக்கானிக்கிடமும் விடமாட்டாள். "யாருக்கா கத்துக் குடுத்தாங்க?" என்று கேட்டேன். "கழட்டி," என்றாள்.

என் வண்டி எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு. முதலில் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. நான் கண்டுகொள்ளவில்லை. ஓடுகிற வண்டி, நாலு சொட்டு விடாதா என்று இருந்தேன். பிறகு ஃப்ரேசர் டவுனில் ஓர் அபார்ட்மெண்டில், பளபளவென்று டைல்ஸ் போட்ட பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு மேலே போய் வந்தால் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. அங்கிருந்த அம்மா போட்டோ எடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டார். அதே வாரம் இன்னும் இரண்டு இடத்திலிருந்து போட்டோ போனது. ஒரு இடத்தில் செக்யூரிட்டி கேட்டுக்குள்ளேயே விடவில்லை. ரத்தம் எடுக்கிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

சனிக்கிழமை சூப்பர்வைசர் கூப்பிட்டார். "மேடம், திங்கக்கிழமை ஏழு மணிக்கு வண்டியைக் கொண்டாங்க. நானே பாக்கறேன். ஒரு சொட்டு இருந்தாலும் லேப் பேக்கை வச்சிட்டுப் போயிடுங்க. உங்க ஏரியாவுக்கு ரெண்டு பேரு காத்துக்கினு இருக்காங்க."

நேராக மெக்கானிக் கடைக்குப் போனேன். "இன்ஜின் இறக்கணும். மூணு நாள் ஆவும்," என்றான். ஞாயிறு ஒருநாள்தான் என்னிடம் இருந்தது. வேலை போனால் பெங்களூரில் எனக்கு என்ன இருக்கிறது? குடியாத்தத்துக்குப் பஸ் ஏறி மாமியார் வீட்டில் போய் உட்கார வேண்டியதுதான். அந்த அம்மா இதற்காகத்தான் இரண்டு வருஷமாக ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தார், 'எப்ப வர, எப்ப வர' என்று. 

வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் குனிந்து இன்ஜினைப் பார்த்தாள். "பவுடர்," என்றாள்.

"மூஞ்சிக்குப் போடுறதா?"

தலையசைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் பொழப்பே போவுது, இதுல எண்ணெய்க்கு மேக்கப்பா?" என்று திட்டிக்கொண்டே எடுத்துவந்து கொடுத்தேன். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் இன்ஜின் முழுவதையும் துடைத்துக் காயவைத்தாள். அதன்மேல் பவுடரைத் தூவினாள். வண்டியைக் கிளப்பி ஓடவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பவுடரின் மேல், வலது பக்கம் கிளட்ச் கவரின் அடியில், கறுப்பாக ஒரு கோடு இறங்கியது. எங்கே ஒழுகுகிறது என்று மெக்கானிக்குக் கூடத் தெரியாததை என் டப்பா பவுடர் காட்டிக்கொடுத்துவிட்டது.

அக்கா நிமிர்ந்தாள். "பேக்கிங்," என்றாள்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "நீங்களும் மூட்டையக் கட்டச் சொல்றீங்களாக்கா? அவ்ளோதானா?" அவள் உள்ளே போய்ப் பழைய டப்பாவிலிருந்து கிழிந்த அட்டை வளையம் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். இரண்டு இரும்பு மூடிக்கு நடுவில் எண்ணெய் கசியாமல் வைக்கிற அட்டைக்குப் பெயர் பேக்கிங்காம். கடை மூடுவதற்குள் வண்டிச் சாமான் விற்கிற ஜே.சி. ரோட்டுக்கு ஓடிப் புதுசு ஒன்று வாங்கிவந்தேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். அவள் புருஷன் சவாரிக்குப் போயிருந்தார். வண்டியை இடது பக்கமாகச் சாய்த்து, காம்பவுண்டு சுவரில் ஒரு பழைய டயரை முட்டுக்கொடுத்து நிறுத்தினாள். அப்படிச் சாய்த்தால் வலது பக்கம் வானத்தைப் பார்க்கும், உள்ளே இருக்கிற எண்ணெய் வெளியே வராது. ஒரு அட்டையில் கவரின் வடிவத்தைப் பேனாவால் வரைந்தாள். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, எந்த இடத்திலிருந்து வந்ததோ அட்டையில் அந்த இடத்தில் குத்தி வைத்தாள். பத்து போல்ட். சிலது குட்டை, சிலது நெட்டை. "ஏன்க்கா?" என்று கேட்டேன். "உடையும்," என்றாள். குட்டை போகவேண்டிய துளைக்கு நெட்டையைப் போட்டு முறுக்கினால் இன்ஜின் உடைந்துவிடும் என்று நானே நிரப்பிக்கொண்டேன். அவளோடு இருந்தால் மீதிப் பேச்சை நாம்தான் பேசிக்கொள்ள வேண்டும். எனக்கு அது பிடித்தும் இருந்தது.

கவரைத் தட்டி எடுத்தாள். பழைய பேக்கிங்கைப் பிளேடால் சுரண்டினாள். அதற்கே ஒரு மணிக்கு மேல் ஆனது. துளி கூட ஒட்டியிருக்கக்கூடாது என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். அந்த இடது ஆள்காட்டி விரல்தான். நானோ நிமிஷத்துக்கு ஒரு தரம் மணி பார்த்தேன். பிறகு புதுப் பேக்கிங்கை வைத்து, கவரை மேலே பொருத்தி, "அமுக்கு," என்றாள்.

இரண்டு உள்ளங்கையையும் வைத்து அமுக்கினேன். அவள் கீழ் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பேக்கிங் கொஞ்சம் நழுவியிருந்திருக்கிறது. கவர் முழுக்க உட்காருவதற்குள் சரிசெய்துவிடலாம் என்று விரல் நுனியை உள்ளே விட்டிருக்கிறாள். நான் அதைப் பார்க்கவில்லை. பார்க்காததற்குக் காரணம், நான் பேசிக்கொண்டிருந்தேன். காக்ஸ் டவுனில் ஒரு வீட்டில் நாயைக் கட்டிப்போடாமல் ரத்தம் எடுக்கக் கூப்பிட்டார்கள், அது என் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது என்று. இன்றைக்கும் எனக்கு அந்தக் கதை வரி வரியாக ஞாபகம் இருக்கிறது.

"பிடி!" என்றாள் அக்கா.

கவர் நழுவுகிறது போல என்று இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

"பிடி! பிடி!"

குரலே மாறிவிட்டது. ஐயோ, விட்டால் கவர் உடைந்துவிடும், வேலை போச்சு, குடியாத்தம்தான் என்று நினைத்தேன். காலை ஊன்றி, உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்தேன். "புடிச்சிக்கினுதான்க்கா இருக்கேன்!" என்று கத்தினேன்.

அவள் வலது கையால் என் நெஞ்சில் ஒரு குத்து விட்டாள். நான் பின்னால் போய் விழுந்தேன். எழுந்து பார்த்தால் புதுப் பேக்கிங் மேல் ரத்தம். அவள் தன் இடது கையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆள்காட்டி விரல் நுனி நசுங்கி, நகம் ஒரு பக்கம் பெயர்ந்து நின்றது.

தினமும் ரத்தம் பார்க்கிறவள் நான். எனக்கே அன்று என் பெட்டி ஞாபகம் வரவில்லை. துணியைச் சுற்றி, மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆட்டோவில் ஏற்றி, பக்கத்துத் தெரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் நான்தான் "அய்யோ அக்கா, அய்யோ அக்கா" என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

கிளினிக்கில் நர்ஸ் கட்டைப் பிரிக்க வந்தாள். நான் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். "பிடி மேடம்," என்றாள் நர்ஸ். நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். "பிடி, பிடி!" நான் இரண்டு கையாலும் பிடித்தேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தமிழா நீங்க? பிடின்னா விடுங்கன்னு அர்த்தம் மேடம். கைய விடுங்க!"

அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கன்னடத்தில் அந்த வார்த்தைக்கு 'விட்டுவிடுங்கள்' என்று பொருள். முதல் எழுத்தை மட்டும் 'பலூன்' என்பதில் வருகிற 'ப' மாதிரி கனமாகச் சொல்கிறார்கள். வலியில் கத்தும்போது எந்த 'ப' என்று யார் கண்டது? ஃபேக்டரியில் யாராவது விரல் மேல் ஊசியை ஓட்டிவிட்டால், பெடலிலிருந்து காலை எடுக்கச் சொல்லி லைன் முழுக்கக் கத்துகிற வார்த்தை அதுதானாம். இருபது வருஷமாக விரலுக்கு ஆபத்து என்றால் அவள் வாயில் வருவது அதுதான். நான் இரண்டு வருஷமாக அந்த ஊரில் சோறு தின்றுவிட்டு, தமிழ் போதும் என்று ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளவில்லை. இவள் இன்னொரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கக்கூடாதா, 'விரல்' என்று? கோபம் அவள் மேலா என் மேலா என்று பிரிக்க முடியவில்லை.

நான்கு தையல். விரலில் பெரிய கட்டு. வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டரை. அவள் புருஷன் வாசலில் நின்றார். முகம் சிவந்திருந்தது. பிரிந்து கிடந்த என் வண்டியைப் பார்த்தார், கோணி மேல் ரத்தத்தைப் பார்த்தார், அக்காவின் கையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். அவர் பேசுகிற தமிழ் பாதிதான், கோபம் முழுசாக இருந்தது.

"ஏனாயித்து, என்னாச்சு? இந்தம்மா வண்டியிலயா? யாரு பண்ணது?"

 சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டு," என்றாள் அவரிடம்.

"கேட்டா?"

அவள் தலையசைத்தாள். காம்பவுண்டின் இரும்புக் கேட் கொஞ்சம் துருப்பிடித்து, இழுத்தால் சட்டென்று சாத்திக்கொள்கிற கேட்தான். அவர் ஓனரைக் கன்னடத்தில் ஏழு தலைமுறைக்கும் திட்டிக்கொண்டே போய் அதை ஓங்கி ஓர் உதை விட்டார். கேட் போய் இடித்ததில், பக்கத்தில் சுவரோடு சாய்த்து வைத்திருந்த அட்டை பறந்தது. குத்தி வைத்திருந்த பத்து போல்ட்டும் தரையில் சிதறி ஓடின. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. மாத்திரை வாங்கக் கிளம்பிப் போய்விட்டார்.

மண்டிபோட்டுப் பொறுக்கினேன். பத்தும் கிடைத்தன. ஆனால் எது எந்தத் துளைக்கு? அட்டையில் இப்போது வெறும் ஓட்டைகள்தான். கையில் போல்ட்டுகளோடு உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன்.

"வேணாங்க்கா. போதும். சூப்பர்வைசருக்கு ஃபோன் பண்ணிடறேன். பேக்கைக் குடுத்துடறேன். உங்க கைய ஒடச்சது போதும். நான் ஊருக்கே போயிடறேன்."

அவள் வீட்டுக்குள் போனாள். அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஒரு ஸ்டூலை வலது கையால் இழுத்துக்கொண்டு வந்தாள். வண்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். கட்டுப்போட்ட கையைத் தோளுக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு பேசினாள்.

"அழுதது போதும். கைய கழுவு. மொதல்ல பேக்கிங்க எடுத்துத் தொடச்சிடு. ரத்தம் ஒட்டினா அங்க இருந்தே மறுபடியும் ஒழுகும். மெதுவா, கிழிக்காத. கிழிஞ்சா இன்னிக்கு வேற கெடைக்காது."

கரகரத்த, பழக்கமில்லாத குரல். யார் பேசுகிறார்கள் என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன். சத்தியமாக.

"என்ன பாக்காத. அத பாரு. இப்ப கவர வை. கீழ பேக்கிங் நழுவுதா பாரு. விரல விடாத! தீக்குச்சியால தள்ளு. ஆங். இப்ப எல்லா போல்ட்டையும் முறுக்காம சும்மா துளையில எறக்கு. எறங்கினப்புறம் எல்லாத்துக்கும் தலை ஒரே ஒசரத்துக்கு வெளிய நிக்கணும். ஒண்ணு நெட்டையா நின்னா அது வேற எடத்துது. மாத்து."

இறக்கிப் பார்த்தேன். மூன்று நெட்டையாக நின்றன, இரண்டு தலை வரை போய்விட்டன. மாற்றினேன். மறுபடியும் மாற்றினேன். வியர்வை கண்ணில் இறங்கியது. கடைசியில் பத்தும் ஒரே உயரத்தில் நின்றன. எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. வாயைத் திறக்கவில்லை. பேசினால் எதையாவது கோட்டைவிட்டுவிடுவேன் என்று பயம்.

"எதிர் எதிரா முறுக்கு. இங்க ஒண்ணு, எதிர்த்தாப்புல ஒண்ணு. மணிக்கட்டு பலம் போதும். தோள்பட்டையப் போடாத. அலுமினியம் அது, மரை போயிடுச்சுன்னா இன்ஜினே போச்சு."

ஆறாவது போல்ட் பாதியில் நின்றது. நான் தம் கட்டினேன். "நிறுத்து!" என்று கத்தினாள். "முறுக்காத. பின்னால சுத்து. ஒரு சுத்து. இன்னும் ஒண்ணு. இப்ப விரலாலயே போடு, ஸ்பேனர் வேணாம். போவுதா?"

"போவுதுக்கா."

"போவட்டும்."

மரத்துப்போக வைத்த மருந்து அதற்குள் இறங்கிவிட்டது போல. அவள் உதட்டைக் கடித்துக்கொள்வதைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்த்துக்கிடந்தது. புருஷன் மாத்திரையோடு வந்து உள்ளே கூப்பிட்டார், போகவில்லை. அவர் கோபமாக ஏதோ சொன்னார். அதற்கும் கன்னடத்தில் நாலைந்து வாக்கியம் பதில் சொன்னாள். மனுஷன் அசந்துபோய், தண்ணீரும் மாத்திரையும் கொடுத்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தச் சாயங்காலம் அவள் பேசினது இரண்டு வருஷத்தில் பேசினதைவிட அதிகம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள்.

வெளிச்சம் குறைவதற்குள் வண்டியை நிமிர்த்தி, துடைத்து, பவுடர் தூவிக் கிளப்பினேன். மூன்று பேரும் அந்தக் கவரின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். பவுடர் வெள்ளையாகவே இருந்தது. நான் திரும்பி அக்காவைப் பார்த்தபோது அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

திங்கள் காலை சூப்பர்வைசர் குனிந்து, டிஷ்யூ பேப்பரால் இன்ஜின் அடியைத் துடைத்துப் பார்த்தார். அப்படியும் நம்பாமல் அரை மணி நேரம் வண்டியை நிற்க வைத்து, தரையை போட்டோ எடுத்தார். "சரி மேடம், போங்க," என்றார். பேக்கை மாட்டிக்கொண்டு போகும்போது அழுதுகொண்டே ஓட்டினேன்.

தையல் பிரித்தார்கள். அக்கா ஃபேக்டரிக்குப் போக ஆரம்பித்தாள். தினமும் மாடிப்படியில் பார்க்கும்போது கேட்பேன், "விரல் எப்டிக்கா இருக்கு?" "சரி." அவ்வளவுதான். பழைய அக்கா. அவள் புருஷன் கேட் கொண்டியில் பழைய டியூபைச் சுற்றிக் கட்டி வைத்தார், இனி யார் கையும் மாட்டக்கூடாது என்று. அதைத் தொட்டுத் திறக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசியது.

மூன்று மாதம் கழித்து அவள் லைனில் வேலை செய்கிற பெண் ஒருத்திக்கு ரத்தம் எடுக்கப் போனேன். கதை பேசிக்கொண்டே அக்காவைத் தெரியும் என்றேன். "அந்த அக்காவா? பாவம். காலர்ல இருந்து எடுத்துட்டாங்களே. விரல் நுனியில உணர்ச்சி இல்லையாம், துணி நழுவறதே தெரியலையாம். இப்ப கடைசி டேபிள்ல ஹெல்பர் வேலை. நூல் வெட்டறாங்க. நேத்து வந்த புள்ளைங்களோட நின்னுக்கினு." ஊசியை எடுத்த பிறகு பஞ்சு வைக்க மறந்து நின்றேன்.

வீட்டுக்கு வந்து அவள் வரும்வரை வாசலிலேயே காத்திருந்தேன். வண்டியை நிறுத்தக்கூட விடவில்லை. "எத்தினி நாளா? எத்தினி நாளா என்னாண்ட மறைச்சீங்க? தினமும் கேட்டேனே, தினமும்! 'சரி'யாம், பெரிய 'சரி'! என் கையாலதான போச்சு உங்க வேலை? உங்க வூட்டுக்காரர்கிட்டயும் சொல்லல, என்கிட்டயும் சொல்லல. சொன்னா என்னக்கா? ஒரு வார்த்த சொன்னா என்ன?" தெருவே கேட்டது. எனக்கு வெட்கமில்லை.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினாள். இடது கையால் மாட்ட வராமல் அது ஒருமுறை நழுவியது.

"சொல்லியிருந்தா நீ அன்னிக்கே பேக்கை வச்சிட்டு குடியாத்தம் பஸ் ஏறியிருப்பே. எனக்கு விரலும் போயி, உன் வேலையும் போயின்னா, அப்புறம் நான் எதுக்கு அன்னிக்கு அவ்ளோ பேசினேன்?"

சொல்லிவிட்டு உள்ளே போனாள்.  வாசலிலேயே நின்றேன். அவள் அடுப்புப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் ஐந்தரைக்கு வண்டியைத் தள்ளி எடுத்தேன். ராத்திரி முழுக்க நின்ற இடத்தில் ஒரு சொட்டு இல்லை. பேக்கை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.